ஜோடி அறையில் ஒரு முகம்

அண்ணி போய் இரண்டு மாதம் ஆகிறது. துக்கம் கேட்க வந்தவர்கள் எல்லாரும் ஒரே பாட்டைத்தான் பாடினார்கள். என்ன கை, என்ன கண், என்ன பொறுமை. ஆமாம் ஆமாம் என்று தலையாட்டி, டீ கொடுத்து அனுப்பி வைத்தேன். அவர்கள் வீட்டுச் சுவரில் அண்ணி செய்த முகம் ஒன்று தொங்குகிறது, அவர்களுக்கு அது போதும். இருபத்தெட்டு வருஷம் அவருக்குப் பக்கத்து மேஜையில் உட்கார்ந்து பாலிஷ் போட்டவள் நான். எனக்கு அது போதாது. அவர் உயிரோடு இருக்கும்போது எழுத முடியாத ஒன்றை இப்போது எழுதுகிறேன்.

அண்ணி என்றால் என் வீட்டுக்காரரின் அக்கா. பட்டறையில் அவரை முகக்கார அம்மா என்பார்கள். என்னை உப்புத்தாள் என்பார்கள். பாலிஷ் வேலைக்காரி என்பதால் வந்த பெயர் என்று முதலில் நினைத்துக்கொண்டிருந்தேன். என் நாக்கைப் பார்த்து வைத்த பெயர் என்று தெரிய ஒரு வருஷம் ஆயிற்று. கோபம் வந்தது, ஆனால் மறுக்க வாய் வரவில்லை. மனதில் பட்டதை முகத்துக்கு நேரே போட்டு உடைத்துவிடுவது என் வழக்கம். அதனால் எத்தனையோ பேர் என்னோடு மூஞ்சியைத் தூக்கிவைத்துக்கொண்டு போயிருக்கிறார்கள். "இவ வாயில பொய்யும் வராது, இதமா நாலு வார்த்தையும் வராது" என்பார் என் வீட்டுக்காரர்.

எங்கள் பட்டறையில் மரத்தால் படம் செய்வோம். வரைவதும் இல்லை, செதுக்குவதும் இல்லை. மரத்தைக் காகிதம்போல மெல்லியதாகச் சீவி எடுத்த தகடுகளுக்கு எங்கள் வீட்டில் ஏடு என்று பெயர். கருங்காலி ஏடு கறுப்பு, தேக்கு பழுப்பு, பலா மஞ்சள், இன்னும் பத்துப் பன்னிரண்டு வகை. அவற்றைத் துண்டு துண்டாக அறுத்து, ஒன்றோடொன்று இடைவெளி இல்லாமல் சேர்த்து, வஜ்ரப் பசையால் பலகையில் ஒட்டினால் ஒரு முகம் வரும். கன்னத்தில் நிழல் வேண்டுமென்றால் சட்டியில் மணலைக் காய்ச்சி, துண்டின் ஓரத்தை அதற்குள் செருகுவோம். ஓரம் மட்டும் பழுப்பேறும். சாயம் கிடையாது. அண்ணி மணலில் செருகிய துண்டை எப்போது வெளியே எடுக்க வேண்டும் என்று மூக்கால் கண்டுபிடிப்பார். கடிகாரம் பார்த்து நான் ஒருதரம் செய்தேன், ஒரு பள்ளிக்கூட வாத்தியாரின் தாடை கருகிப்போயிற்று.

இதில் ஒரு முறை இருக்கிறது, அதைச் சொன்னால்தான் மற்றது புரியும். ஏட்டைத் தனியாக அறுத்தால் பிய்ந்துவிடும். அதனால் வெளிர் ஏடு ஒன்றும் கறுத்த ஏடு ஒன்றும் எடுத்து, நல்ல பக்கம் உள்ளே இருக்கும்படி முகத்தோடு முகம் வைத்து இறுக்கி, நூல்போன்ற வாளால் இரண்டையும் ஒரே அறுப்பாக அறுப்போம். ஓர் அறுப்பில் இரண்டு படம். வெளுத்த முகமும் கறுத்த முடியுமாக ஒன்று, அது வாடிக்கையாளருக்கு. மிச்சத் துண்டுகளைச் சேர்த்தால் கறுத்த முகமும் வெளுத்த முடியுமாக இன்னொன்று. விரித்த புத்தகத்தின் இரண்டு பக்கம்போல இதில் வலது இடதாகவும் மாறியிருக்கும். இதற்கு ஜோடி என்று பெயர். ஜோடியை விற்க மாட்டோம், யாருக்கும் காட்டவும் மாட்டோம். பத்து வருஷம் கழித்து ஒரு வீட்டில் ஈரம் பட்டு மூக்கு பெயர்ந்துவிட்டது என்று படத்தைத் தூக்கிக்கொண்டு வந்தால், ஜோடியின் மூக்கில் அளவெடுத்து, அதைத் திருப்பிப் போட்டு, அச்சாக அதே மூக்கை வெட்டிக் கொடுப்போம். எந்தக் கடையிலும் இப்படிச் செய்து தர மாட்டார்கள். எங்கள் பட்டறைக்குப் பெயர் வந்ததே இதனால்தான்.

அந்த ஜோடிகள் எல்லாம் பின்கட்டில் ஓர் அறையில் இருக்கின்றன. மாமனாரின் அப்பா காலத்திலிருந்து சேர்ந்தது, நானூறுக்குக் குறையாது. வெளிச்சம் பட்டால் நிறம் மங்கும் என்பதால் ஜன்னலை அடைத்து, முகங்களைச் சுவர்ப் பக்கமாகத் திருப்பி அடுக்கியிருக்கும். துடைப்பதற்காக அவற்றைத் திருப்பினால் கண்ணின் வெள்ளை கறுப்பாகவும் கருவிழி வெளுப்பாகவும் நம்மைப் பார்க்கும். மின்சார மீட்டர் அந்த அறையில்தான் இருக்கிறது. ரீடிங் எடுக்க வந்தவர் ஒருநாள் நான் இருபது முப்பது முகங்களைத் திருப்பி வைத்திருந்த நேரத்தில் கதவைத் திறந்துவிட்டார். அடுத்த மாதத்திலிருந்து வாசலிலேயே நின்றுகொண்டு, "நீங்களே பாத்துச் சொல்லிடுங்கம்மா, உங்களை நம்ப மாட்டேனா" என்றார். நாங்கள் விழுந்து விழுந்து சிரித்தோம். ஆனால் நானும் அந்த அறையில் வாய்க்கு வந்ததை உரக்கப் பேசிக்கொண்டுதான் துடைப்பேன். பேச்சை நிறுத்தினால் யாரோ பேச்சைத் தொடரக் காத்திருப்பதுபோல இருக்கும்.

அண்ணியின் வீட்டுக்காரரை எல்லாரும் மரக்காரர் என்பார்கள். ஊர் ஊராகப் போய் மரம் பார்த்து வாங்கி வருவது அவர் வேலை. வெட்டாத கட்டையைத் தட்டிப் பார்த்தே உள்ளே வரி எப்படி ஓடுகிறது என்று சொல்லிவிடுவாராம். நான் வாழ்க்கைப்பட்டு வந்து ஒரு வருஷம்தான் அவர் அந்த வீட்டில் இருந்தார். அந்த ஒரு வருஷம் நான்கூட வாயில்லாப் பூச்சிதான், நம்பினால் நம்புங்கள். அவர் முகத்தை நிமிர்ந்து பார்த்துப் பேசியதில்லை. அவருடைய இருமல் நினைவிருக்கிறது, நடை நினைவிருக்கிறது. வாள் அலகு முறிந்து தெறித்து அவருடைய காது மடல் ஒன்று கீழ்நுனியில் இரண்டாகப் பிளந்து அப்படியே ஆறியிருந்தது என்பது அண்ணி சொல்லித்தான் தெரியும். கல்யாணமான புதிதில் அண்ணி அந்தப் பிளவுக்குள் விரல் நுனியை வைத்து விளையாடுவாராம். அண்ணி வெட்கப்பட்டு நான் பார்த்தது அதைச் சொன்ன அன்றைக்கு மட்டும்தான்.

ஒருநாள் மத்தியானம், வந்து இறங்கிய கருங்காலிக் கட்டில் பாதிக்கு மேல் வெடிப்பு இருந்தது. மாமனார் கையிலிருந்த அடிமட்டத்தால், வேலைக்காரர்கள் எல்லாரும் பார்க்க, மரக்காரரின் தோளில் ஓங்கி ஓர் அடி அடித்தார். மரக்காரர் செருப்பை மாட்டிக்கொண்டு படியிறங்கிப் போனார். தெருமுனை வரை போய்க் கோபம் ஆறினதும் வந்துவிடுவார் என்று நினைத்தோம். சாயந்திரம் அண்ணி தட்டு வைத்துவிட்டு உட்கார்ந்திருந்தார். அதோடு சரி, ஒரு கடுதாசிகூட வரவில்லை.

மூன்றாம் மாதம் மாமனார் வீட்டிலிருந்த போட்டோக்களில் மருமகன் இருந்த அத்தனையையும் எடுத்துப் பசை காய்ச்சும் அடுப்பில் போட்டார். அண்ணியின் கல்யாணப் போட்டோவும் அதில் போயிற்று. அந்த ஆளுடைய பேச்சே இந்தக் கூரையின் கீழ் வரக்கூடாது என்றார். செத்தவரைத் திட்டக்கூடாது என்பார்கள். நான் திட்டுவேன். அடித்தவரும் அவரே, எரித்தவரும் அவரே. பெற்ற மகள் நாலடி தள்ளி உட்கார்ந்து, யாரோ ஒரு டாக்டரின் நெற்றியை அறுத்துக்கொண்டிருந்தார். அந்த நெற்றிக்கு நான்தான் பாலிஷ் போட்டேன், ஒரு பிசிறு கிடையாது.

பாலிஷ் போடுகிறவளுக்குக் கண்ணைவிட உள்ளங்கைதான் அதிகம் பார்க்கும். மூன்று நான்கு வருஷத்தில் என் கைக்கு ஒன்று உறைத்தது. தாத்தா முகமானாலும் தாசில்தார் முகமானாலும் காதின் கீழ்நுனியில் என் விரல் ஒரு சின்னப் பிளவில் தட்டியது. மரம் அறுபட்ட விதம் என்று நினைத்து விட்டுவிட்டேன். மாமனார் காலமாகி, அதாவது மரக்காரர் போய் எட்டு வருஷம் கழித்து, பழுதுபார்க்க வந்த ஒரு படத்துக்காக ஜோடியைத் தேடி எடுத்தால் அதில் மேலுதடு இல்லை. உதடு இருக்க வேண்டிய இடத்தில் பலகை தெரிந்தது. அடுத்ததை எடுத்தால் புருவம் இல்லை. இன்னொன்றில் காது இல்லை. எனக்கு வந்ததே கோபம்.

"பட்டறைச் சொத்தை யாரு இப்படிப் பிச்சு எடுத்தது? கேக்க ஆள் இல்லைன்னு நினைச்சிட்டீங்களா எல்லாரும்?" என்று பட்டறை நடுவில் நின்று கத்தினேன்.

அண்ணி எழுந்து வந்து என் கையைப் பிடித்து ஜோடி அறைக்குள் கூட்டிக்கொண்டு போனார். அலமாரிக்குப் பின்னால், ஆணியில், முன்பக்கம் பார்த்து ஒரு பலகை தொங்கியது. கறுத்த முகம், வெளுத்த முடி, பிளந்த காது.

"யாரு இது?" என்றேன். கேட்கும்போதே எனக்குத் தெரிந்துவிட்டது.

"அப்பா கண்ணு முன்னாடி முழுசாச் செய்ய முடியுமா? அதான் கொஞ்சம் கொஞ்சமா ஒளிச்சு வெச்சேன்."

எட்டு வருஷமாக அண்ணி அந்த வேலை செய்திருக்கிறார். வாடிக்கையாளர் கொண்டுவரும் பழைய போட்டோவில் காது மறைந்திருந்தால் தன் வீட்டுக்காரரின் காதை வைப்பார். புருவம் மங்கியிருந்தால் அவருடைய புருவம். எங்கள் முகங்கள் எல்லாம் ஒரே அளவு, ஒரு சாண். அதனால் மாமனார் போனதும் ஜோடிகளிலிருந்து ஒவ்வொன்றாகப் பெயர்த்து, சேர்த்து, ஒரு முழு முகம் பண்ணிவிட்டார். ஊரில் பாதி வீட்டில் மரக்காரர் துண்டு துண்டாகத் தொங்குகிறார்.

"ஊர்ல உள்ள அப்பன் தாத்தனுக்கெல்லாம் உங்க வீட்டுக்காரர் காதா? நல்லா இருக்கு கூத்து" என்றேன். அண்ணி சிரித்தார். நானும் சிரித்தேன்.

"புதுசா வரைஞ்சே பண்ணியிருக்கலாமே அண்ணி?"

"உக்காந்தேன். வரலை. எத்தனையோ பேர் முகம் வருது, அவர் முகம் மட்டும் கைக்கு வரலை. இதுல சேத்ததெல்லாம் அவர் போன சூட்டோட பண்ணின துண்டு. அப்ப எனக்கு நல்லா ஞாபகம் இருந்துச்சு. இனிமே இதைப் பாத்துத்தான் நான் ஞாபகம் வெச்சுக்கணும். அவர் திரும்பி வந்தா எனக்கு அடையாளம் தெரியணும் இல்ல?"

என்னை அண்ணியைப் பற்றி ஒரே வரியில் சொல்லச் சொன்னால் அதைத்தான் சொல்வேன். அவருக்கு வேறு ஆசை எதுவும் இருந்ததாக எனக்குத் தெரியவில்லை. மரக்காரர் வருவாரா மாட்டாரா என்று அண்ணி ஒருநாளும் என்னிடம் கேட்டதில்லை. வந்தால் தனக்கு அடையாளம் தெரியாமல் போய்விடுமோ என்பதுதான் அவர் பயம். தெருவில் வண்டி நிற்கும் சத்தம் கேட்டால் வாளை நிறுத்திவிட்டுத் தலையைத் தூக்குவார். தினமும் காலையில் பட்டறையைத் திறந்ததும் நேரே அந்த அறைக்குப் போய்ப் பலகையின் முன்னால் நிற்பார். "மூக்கு தொங்கிப்போகும், கன்னம் ஒட்டிப்போகும், முடி கொட்டிப்போகும். பிளந்த காது மட்டும் மாறாது" என்று எனக்கே பாடம் நடத்துவார். அவர் பெயர்த்த ஜோடிகளின் ஓட்டைகளை நான்தான் மாற்றுத் துண்டு வைத்து அடைத்தேன். வேறென்ன செய்வது.

பதினேழு வருஷம் இப்படிப் போயிற்று.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஒரு முதியோர் இல்லத்திலிருந்து கடிதம் வந்தது. பேருந்து நிலையத்தில் விழுந்துகிடந்த ஒருவரைப் போலீஸார் கொண்டுவந்து சேர்த்தார்களாம். பக்கவாதம், பேச்சு இல்லை, யார் என்று தெரியவில்லை. அவர் பையில் மரத்தில் செய்த ஒரு மூக்குக் கண்ணாடிப் பெட்டி இருந்தது, அதன் அடியில் உங்கள் பட்டறை முத்திரை இருக்கிறது, உங்களுக்குத் தெரிந்தவரா என்று வந்து பார்க்க முடியுமா என்று எழுதியிருந்தார்கள்.

என் வீட்டுக்காரர் படித்துவிட்டு, "அந்த மாதிரிப் பெட்டி நாம ஆயிரம் வித்திருப்போம். யாரோ வாங்கிட்டுப் போனவரா இருக்கும்" என்றார். அண்ணி அதற்குள் பலகையை ஆணியிலிருந்து எடுத்துப் பழைய துணியில் சுற்றிக்கொண்டிருந்தார். நான் கூடப் போனேன்.

நீளமான கூடம், இரண்டு பக்கமும் கட்டில்கள். டெட்டால் வாசனை. கடைசிக் கட்டிலில் அவர் படுத்திருந்தார். எலும்பும் தோலுமாக, தலையில் ஒரு முடி இல்லாமல், வலது கன்னம் தலையணையில் புதைந்திருக்க ஒருக்களித்துக் கிடந்தார். "அந்தப் பக்கம் திருப்ப முடியாதும்மா, இடுப்புல புண்ணு" என்றார் அங்கிருந்த உதவியாளர். கண் திறந்திருந்தது. எங்களைப் பார்த்தது.

அண்ணி துணியைப் பிரித்துப் பலகையை நாற்காலியில் நிறுத்தினார். பலகையைப் பார்த்தார், அவரைப் பார்த்தார். மறுபடி பலகை, மறுபடி அவர். பிறகு குனிந்து, ஏட்டின் கனம் பார்ப்பதுபோலக் கட்டைவிரலாலும் ஆள்காட்டி விரலாலும் அவருடைய காது மடலைப் பிடித்தார். மேலிருந்து கீழே தடவிக்கொண்டு வந்தார். மடல் முழுசாக இருந்தது. ஒரு கீறல்கூட இல்லை.

"இவர் இல்லை" என்றார் அண்ணி. சாதாரணமாகப் பேசுகிற குரலில்தான் சொன்னார். "எனக்கு இவர் யாருன்னே தெரியாது. பாவம், யார் வீட்டு மனுஷரோ."

கிழவரின் இடது கை மெல்ல நீண்டு பலகையைத் தொட்டது. இரண்டு துண்டுகள் சேரும் இடத்தில் நகத்தை வைத்து ஒரு தடவை இழுத்தது. எதைப் பக்கத்தில் வைத்தாலும் அவர் இப்படித் தொட்டுப் பார்ப்பார் என்றார் உதவியாளர். அண்ணி பலகையைத் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டார்.

திரும்பும்போது பேருந்தில் அண்ணி ஜன்னலோரம் உட்கார்ந்து என்னோடு வாய் ஓயாமல் பேசிக்கொண்டு வந்தார். அப்படி ஒரு கலகலப்பு. "இப்படி அநாதையாக் கிடக்கலை பாத்தியா. எங்கேயோ கையும் காலுமா நல்லா இருக்கார். அது போதும்" என்றார். எனக்கும் அன்றைக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது.

மூன்று வாரம் கழித்து ஒரு வக்கீல் வீட்டிலிருந்து அவருடைய அப்பா படத்தைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். சுவர் ஓதமெடுத்துக் கன்னம் பெயர்ந்திருந்தது. நான் ஜோடியை எடுத்துவந்து, என் மேஜைமேல் படத்துக்குப் பக்கத்தில் வைத்தேன். அந்தக் காலத்துப் படம், மரக்காரர் போன முதல் வருஷத்தில் அண்ணி செய்தது. துணியால் இரண்டையும் துடைத்தேன். படத்தில் பிளந்திருந்தது வலது காது. ஜோடியில் பிளந்திருந்தது இடது காது.

அதில் என்ன, ஜோடி என்றால் திரும்பித்தானே இருக்கும் என்று கையை எடுத்தவள், அப்படியே நின்றுவிட்டேன்.

மரக்காரரின் பிளந்த வலது காதை வலது காதாகத்தான் அண்ணி படங்களில் வைத்திருக்கிறார். அவர் ஆணியில் மாட்டிய முகமோ முழுக்க முழுக்க ஜோடித் துண்டுகளால் ஆனது. அதில் எல்லாம் இடம் மாறி, பிளவு இடது காதில்தான் இருக்கும். எந்த ஜோடியைப் பார்த்தாலும் எங்கள் கண் தானாகத் திருப்பிக்கொள்ளும், அது பிறவிப் பழக்கம்போல. ஆனால் மற்ற ஜோடிக்கெல்லாம் எங்கோ ஒரு வீட்டில் நேரான படம் ஒன்று உண்டு. இந்த முகத்துக்கு நேர்ப்படம் கிடையாது. பதினேழு வருஷம் காலையில் எழுந்து அதையே பார்த்துப் பார்த்து, அதுதான் அவர் முகம் என்று அண்ணிக்கு ஆகிவிட்டது. விரலை வைத்து விளையாடிய காது எந்தப் பக்கத்துக் காது என்றுகூட மறந்துபோயிருக்கிறது. நான் மட்டும் என்ன கிழித்தேன். எத்தனையோ வலது காதுக்குப் பாலிஷ் போட்டவள்தானே. அண்ணி இடது காதைத் தடவினபோது அந்தக் கட்டில் பக்கத்தில் நின்று வேடிக்கை பார்த்தேன்.

பாலிஷ் வாங்கப் போகிறேன் என்று சொல்லிவிட்டு இல்லத்துக்கு ஓடினேன். கடைசிக் கட்டிலில் வேறொருவர் இருந்தார். அந்த உதவியாளரைத் தேடிப் பிடித்தேன்.

"நீங்க வந்துட்டுப் போய்ப் பதினோராம் நாள் போயிட்டாரும்மா. யாரும் இல்லாததால நாங்களே அடக்கம் பண்ணிட்டோம்."

"அவருக்கு வலது காது எப்படி இருந்துச்சு?"

"கீழ பிளந்திருக்கும். நான்தானே சவரம் பண்ணிவிடுவேன், கத்தி படாம பாத்துப் பண்ணணும். ஏன்மா கேக்கறீங்க?"

உட்கார இடம் தேடி, வராந்தாவில் தரையிலேயே உட்கார்ந்துவிட்டேன். அவர் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். கேட்கக் கூடாது என்று தெரிந்தே இன்னொன்றும் கேட்டேன். "நாம பேசினா அவருக்குப் புரியுமா?"

"பேச்சுதான் போச்சு. காது நல்லாக் கேக்கும், விவரமும் தெரியும். டீ வண்டி வராந்தா முனையில வரும்போதே கண்ணைத் திறந்து பாப்பார்." கொஞ்சம் யோசித்தார். "நீங்க வந்த அன்னைக்கு மட்டும் டீ வேண்டாம்னு வாயை மூடிக்கிட்டார்."

வீட்டுக்கு வந்து என் வீட்டுக்காரரிடம் சொன்னேன். மனுஷர் கதவைச் சாத்திவிட்டுச் சுவரைப் பார்த்துக்கொண்டு அழுதார். பிறகு, "அக்காகிட்ட சொல்லாதே. எங்கேயோ நல்லா இருக்கார்னு நினைச்சிட்டுப் போகட்டும்" என்றார். நான்கு நாள் வாயைக் கட்டிக்கொண்டு கிடந்தேன். பச்சைத் தண்ணீர்கூட இறங்கவில்லை. ஐந்தாம் நாள் தெருவில் ஒரு வண்டி வந்து நின்றது. அண்ணி வாளை நிறுத்திவிட்டுத் தலையைத் தூக்கினார். மண்ணுக்குள் இருக்கிற மனுஷருக்காக இவர் சாகிற வரைக்கும் இப்படித் தலையைத் தூக்கிக்கொண்டே இருப்பாரா என்று நினைத்தேன். என்னால் தாங்க முடியவில்லை.

மத்தியானம் வேலைக்காரர்கள் சாப்பிடப் போனதும் வக்கீலுடைய அப்பா படத்தையும் அதன் ஜோடியையும் கொண்டுவந்து அண்ணியின் மேஜைமேல் அடுத்தடுத்து வைத்தேன். அண்ணி இரண்டையும் பார்த்தார். அவருக்கு விளக்கிச் சொல்லத் தேவையே இல்லை. அவர் கை மெதுவாக எழுந்து, தன்னுடைய வலது காதைத் தொட்டது, பிறகு இடது காதை. பிறகு காற்றில், எதிரே ஒருவர் நிற்பதுபோல, நீண்டு நின்றது.

"போய்ப் பாத்தியா?" என்றார்.

"பாத்தேன். அவர்தான் அண்ணி. போயிட்டார். நாம பாத்துட்டு வந்து பதினோரு நாள்ல."

அவர் அழவில்லை. மேஜையில் கிடந்த துண்டுகளை ஒரு பக்கமாக ஒதுக்கினார். மணல் சட்டி அடுப்பில் இருந்ததைப் பார்த்து, எட்டி அடுப்பை அணைத்தார்.

"இருபத்தஞ்சு வருஷம் கழிச்சுப் பக்கத்துல போய் நின்னு, இவர் யாருன்னே எனக்குத் தெரியாதுன்னு சொல்லிட்டு வந்திருக்கேன்" என்றார்.

நான் அவர் தோளில் கை வைத்தேன். எனக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. அவர் நிமிர்ந்து என் முகத்தை, போட்டோவைப் பார்த்து அளவெடுக்கிறபோது பார்ப்பாரே, அப்படிப் பார்த்தார்.

"நான் சொன்னது அவருக்குக் கேட்டிருக்குமா?"

"கேட்டிருக்காது. காது சுத்தமாக் கேக்காதாம். வாதம் வந்தப்பவே போயிடுச்சுன்னு அந்த ஆள் சொன்னார்."

"நல்லா விசாரிச்சியா?"

"ரெண்டு தடவை கேட்டேன் அண்ணி. பக்கத்துல இடி விழுந்தாலும் தெரியாதாம்."

அண்ணி என் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு அவர் தோள் இரண்டும் மெல்ல இறங்கின.

"நீ சொன்னாச் சரியாத்தான் இருக்கும்" என்றார். அதற்குப் பிறகுதான் அழுதார். அழுது முடித்துவிட்டு ஒரு டம்ளர் தண்ணீர் கேட்டார். நான் எழுந்து போய்க் கொண்டுவந்து கொடுத்தேன்.